மொட்டைமாடியில் பதினேழு எழுத்து

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, பிள்ளைகள் எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம். உன் தொண்டைக்கட்டு விட்டதா? உப்பு வெந்நீரில் கொப்பளி என்று சொன்னால் கேட்டுவிடவா போகிறாய்! உன் வீட்டுக்காரியும் என் மருமகளும் சௌக்கியம்தானே?

சேதிக்கு வருகிறேன். ஃபேக்டரியில் எட்டு நாளாக மெஷின் ஓடவில்லை. நாங்கள்தான் ஓட்டவில்லை. மூன்றாவது மாடியில் நூற்று நாற்பது பெண்கள் உட்கார்ந்து சட்டை தைக்கிறோம். இறங்கிப் போக முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்பக்கக் கதவில் எப்போதும் பூட்டு. பூட்டை மறைத்து ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி. சட்டை திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டாம். நூற்று நாற்பது பேரும் திருடிகள்! போன மாதம் இஸ்திரி மூலையில் வயர் எரிந்து புகை கிளம்பியது. அத்தனை பேரும் முன்படிக்கு ஓடினோம். நெரிசலில் பொத்தான் அக்கா விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இன்னும் படுக்கைதான். (இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தைக்கிற துண்டுதான் பெயர். பொத்தான் வைக்கிறவர் பொத்தான் அக்கா, காலர் தைக்கிறவள் காலர், நான் பாக்கெட்.)

மறுநாள் போய், "சாவியைக் குடுங்க, அந்தக் கதவைத் திறந்து வைங்க"ன்னு கேட்டோம். மேனேஜர், "சாவி முதலாளிகிட்ட இருக்கு" என்றார். முதலாளி, "மேனேஜர்கிட்டதானே இருக்கு" என்றார். சரி, சாவி கிடைக்கிற வரைக்கும் ஊசியில் நூல் கோக்க மாட்டோம் என்று எழுந்துவிட்டோம். உடனே கூடத்தை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். தொழிலாளர் அதிகாரி வந்து, விவகாரம் தீருகிறவரை நாங்கள் முற்றத்திலும் மொட்டைமாடி கேன்டீனிலும் இருக்கலாம், ஒரு பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

இனிமேல்தான் உனக்கு வேலை. எங்கள் கட்டடத்தை நீ பார்த்ததில்லை. மாடிச் சுவரில், ரோட்டைப் பார்த்து, பத்து வயதுப் பிள்ளை உயரத்துக்குத் தகர எழுத்தில் 'ரெடிமேட் கார்மென்ட்ஸ்' என்று இங்கிலீஷில் இருக்கும். நாங்கள் எழுந்த அன்று பெயின்ட் அடிப்பதற்காக அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் கடைசியிலிருந்து கழற்றிக்கொண்டே வந்தவர், கூச்சல் கேட்டதும் முதல் ஐந்து எழுத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனார். மறுநாள் பேப்பர்க்காரர் ஒருவர் படம் எடுத்தார். கீழே முற்றத்தில் நாங்கள் அத்தனை பேர், தலைக்கு மேலே 'ரெடி'! பேப்பரைப் பார்த்து முதலாளி குதித்த குதி இருக்கிறதே, அதைப் பார்க்கவே இரண்டு கண் போதவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இந்தப் பலகையைப் பேசவைக்கலாம் என்று.

சின்ன வயதில் மருந்து டப்பா, பிஸ்கட் டப்பா எது கையில் கிடைத்தாலும், அதில் இருக்கிற எழுத்தை வைத்து வார்த்தை பிடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? தோற்றவர் பாத்திரம் தேய்க்கணும். பாதி நாள் நீதான் தேய்த்தாய். அந்த ஆட்டம்தான். கணக்கை எழுதிக்கொள்: ஏ மூன்று, ஈ மூன்று. ஆர், எம் இரண்டிரண்டு. டாக்டருக்கு வருகிற டி இரண்டு, டெய்லருக்கு வருகிற டி ஒன்று. ஒய், ஜி, என், எஸ் ஒவ்வொன்று. ஆகப் பதினேழு. 'டோர்' என்று எழுத ஓ இல்லை. 'ஓப்பன்' என்று எழுதவும் இல்லை. கதவைப் பற்றிப் பேசவே முடியாதபடி பெயர் வைத்திருக்கிறான் பாவி. இருக்கிற எழுத்தில் அவன் வயிறு எரிகிறமாதிரி நாலு வார்த்தை பிடித்து அனுப்பு. உன்னிடம் பெரிய டிக்ஷனரி இருக்கிறதே.

வெந்நீர் கொப்பளி.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை தேவலை. இருமல்தான் விடமாட்டேன் என்கிறது. ஆபீஸில் ஏசிக்கு நேர் கீழே என் மேஜை. உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் ஜன்னல் திறந்தமாதிரி இருக்கிறது. மாமாவுக்கு முதுகுவலி எப்படி? பொத்தான் அக்கா எழுந்து உட்காருகிறாரா?

உன் கடிதத்தை ஆபீஸிலேயே பிரித்துவிட்டேன். மத்தியானம் முழுக்க ஒரு ஃபைலைச் சாக்குக்குத் திறந்து வைத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் வார்த்தை பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் ஆச்சு! 'ஸ்டே', நகர மாட்டோம். 'ஸ்டாண்ட்', நிற்கிறோம். 'டேர்', துணிச்சல் இருந்தால் வா. 'டிமாண்ட்', இது கோரிக்கை. டாக்டர் டி இரண்டும் இதிலேயே தீர்ந்துவிடும். 'நேம்ஸ்', பெயர்கள். 'அக்ரீட்', சம்மதம், சமாதானம் ஆகிறபோது உதவும். கடைசியாக, இரண்டு வரிக்கு ஒரு வைரம் வைத்திருக்கிறேன். மேலே 'க்ரீடி', கீழே 'மேனேஜர்'. பேராசை பிடித்த மேனேஜர்! எப்படி?

சுவரேறும்போது ஜாக்கிரதை. கீழே விழுந்து தொலைக்காதே.

ஒரு சின்ன விஷயம். அந்த அட்டைப்பெட்டிகளின் மேல் ஓர் எண் முத்திரை குத்தியிருக்குமே, அது என்ன எண்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வைரமும்! இருமலுக்கு மருந்து வாங்கிக் குடி, அறிவுக்கும் ஏதாவது கிடைத்தால் சேர்த்து வாங்கிக்கொள்.

மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஸ்பேனர் காலையிலிருந்து வெயிலில் நின்று கீழ் வரிசையில் 'மேனேஜர்' என்று ஏழு எழுத்தை முடுக்கிவிட்டாள். மேல் வரிசைக்கு வந்தால் ஜி எங்கே? ஒரே ஒரு ஜி, அது மேனேஜருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! மேலே 'ரீடி' என்று மொட்டையாக நிற்கிறது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, "ரீடின்னா என்னம்மா?"ன்னு கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். காலர், "உன் தம்பி பெரிய ஆபீஸரா? எண்ணத் தெரியாதா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். சின்ன வயதிலும் நீ இதைத்தான் செய்வாய். இல்லாத எழுத்தை இருக்கிறதாக வைத்து வார்த்தையை முடித்துவிட்டு, ஜெயித்தேன் ஜெயித்தேன் என்று குதிப்பாய். டப்பாவை எடுத்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வாய்.

கடைசியில் மேனேஜரைக் கழற்றிப்போட்டு, 'க்ரீட்' என்று மட்டும் ஐந்து எழுத்தை மாட்டினோம். அதற்கே முதலாளி போலீஸோடு வந்துவிட்டார். எழுத்தைத் திருடிவிட்டோமாம். இன்ஸ்பெக்டர் மாடிக்கு வந்தார். சுவரில் ஐந்து, தரையில் பன்னிரண்டு என்று விரல்விட்டு எண்ணினார். "பதினேழும் இங்கதானே சார் இருக்கு? எது காணோம்?" என்றார். முதலாளி மேலே கையை நீட்டி, "அந்த வார்த்தை சார், வார்த்தை!" என்றார். "வார்த்தைக்கெல்லாம் நான் கேஸ் எழுத முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, இறங்குகிறபோது அந்தப் பக்கமாகத் திரும்பிச் சிரித்தார். நான் பார்த்தேன்.

நேற்றிலிருந்து 'ஸ்டே' நிற்கிறது. ஜம்மென்று இருக்கிறது. 'டிமாண்ட்' நாளைக்கு. 'அக்ரீட்' எனக்கு வேண்டாம், அதை உங்கள் ஆபீஸிலேயே வைத்துக்கொள். சம்மதமாம், சமாதானமாம். கதவு திறக்காமல் எங்கிருந்து வரும் சமாதானம்?

பெட்டியில் 417 என்று சிவப்பில் இருக்கிறது. எதற்குக் கேட்டாய்? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஃபேக்டரி ஃபைல்களைச் சரிபார்க்கிற ஆபீஸ்தானே உன்னுடையது, யாரிடமாவது எங்களைப் பற்றிச் சொல்லப்போகிறாயா? சொல்லேன். நன்றாக உறைக்கிறமாதிரி சொல்.

மருமகளின் பல்லைக் கூரையில் எறிந்தாயா, குப்பையில் போட்டாயா?

உன் அக்கா


மார்ச் 14

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் எழுதிப் பதினேழு நாள் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இருமல் முற்றிவிட்டதோ என்று உன் மாமா கேட்கிறார். இங்கே எங்களுக்கு வெயில் ஒன்றுதான் வியாதி.

பாதிப் பேருக்கு வீட்டில் சண்டை. காலரின் வீட்டுக்காரர் அவள் சாப்பாட்டுக் கூடையைத் தெருவில் வீசிவிட்டார். பொறுக்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். பதினோரு பேர் கேட்டுக்கு வெளியே போனவர்கள் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் கிடக்கிற பொத்தான் அக்காவையும் கழித்தால் நூற்று இருபத்தெட்டுப் பேர் இருக்கிறோம்.

மேனேஜர் நேற்று முற்றத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா வீணா கத்துறீங்க? அந்தக் கதவு தொறந்துதான் இருக்குன்னு, வாங்குற கம்பெனியோட ஆளே பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. பேப்பர் இருக்கு எங்கிட்ட" என்றார். ஸ்பேனர் விடவில்லை. "எந்த மகராசன் சார் வந்து பாத்தாரு? நாங்க யாரும் பாக்கலயே" என்றாள். மேனேஜர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் உங்கள் ஆபீஸ் மாதிரி ஆபீஸிலிருந்துதானே வரும்? யாரைப் பிடித்தால் அந்தப் பேப்பர் பொய் என்று ஆகும்? உடனே எழுது. உடம்பு சரியில்லை என்றால் அதையும் எழுது.

உன் அக்கா


மார்ச் 22

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். நடுவில் மூன்று நாள் காய்ச்சல், அதனால்தான் தாமதம். மன்னிக்கவும். உங்கள் அனைவரின் உடல்நலமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். இந்தமாதிரிச் சான்றிதழ்களெல்லாம் பல கை மாறி வருபவை. யாரோ ஒருவர் என்று சொல்ல முடியாது. அதைக் கிளறுவதால் உங்களுக்கு லாபம் இல்லை. ஐம்பது நாள் தாண்டிவிட்டது. முதலாளி அட்டைப்பெட்டியை நகர்த்துகிறேன் என்று ஒத்துக்கொண்டால், பூட்டைப் பிறகு பேசிக்கொள்ளலாமே. மாமாவுக்கு முதுகுவலி, பிள்ளைகள் படிப்பு, எல்லாவற்றையும் நினைத்துப்பார். எழுத்துகளைப் பழையபடி மாட்டிவிட்டால் அவருக்கும் மனம் இறங்கும்.

வேறு வார்த்தை ஒன்றும் தோன்றவில்லை.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மரியாதையாம் மரியாதை! முப்பத்தைந்து வருஷத்தில் நீ எனக்கு மரியாதை கொடுத்தது இதுதான் முதல் தடவை. உடனே கையெழுத்தைப் பார்த்தேன். வால் இல்லை.

அந்த வால் எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் என் இங்கிலீஷ் நோட்டின் கடைசி அட்டை முழுக்க நீதானே பழகினாய், கடைசி எழுத்தின் கீழே பல்லிவால் மாதிரி ஒரு சுழி சுழித்து. அதற்காக டீச்சரிடம் நான் அடி வாங்கினேன். பிப்ரவரி மாதம் வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வால் இருந்தது.

நேற்று மேனேஜர் அந்தப் பேப்பரை நகல் எடுத்துக் கேட்டில் ஒட்டினார். எல்லாரும் படிக்கட்டும் என்று. நான் படித்தேன். ஃபேக்டரி எண் 417. பின்கதவு, மூன்றாவது மாடி: திறந்த நிலையில். கீழே அச்சில், 'நேரில் பார்க்கப்பட்டது'. அதற்குக் கீழே முத்திரை, 'அக்ரீட்'. அதன் மேலே வால்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலர் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் படிப்பைப் பற்றி, உன் ஆபீஸைப் பற்றி இவர்களிடம் நான் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமா?

பூசி மெழுகாதே. மென்று விழுங்காதே. 'பல கை' என்று எனக்குக் காதில் பூ சுற்றாதே. அந்தக் கதவை நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? ஒரே வரி எழுது. 'சாரி' என்று மட்டும் எழுதிவிடாதே. எங்கள் பலகையில் அதற்கும் ஓ இல்லை.

எங்கள் உடம்பைப் பற்றி விசாரித்திருந்தாய். பொத்தான் அக்காவால் இன்னும் நடக்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பார்க்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போக வேண்டும் என்பது விதி. ஆள் போதவில்லை என்று படம் அனுப்பச் சொல்லிப் படத்தைப் பார்த்து முடிப்போம். ஒரு நாளைக்கு நாற்பது ஃபைல். ஃபைலில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எண் மட்டும்தான். போன வருஷம் வந்த 417-இல் திறந்த கதவின் படம் இருந்தது. முத்திரை குத்தினேன், கையெழுத்துப் போட்டேன், அடுத்ததை எடுத்தேன். அவ்வளவுதான் அக்கா. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

நீ எண்ணை எழுதிய கடிதம் வந்த அன்றே அந்த ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டேன். என் வாலைப் பார்த்தேன். அப்புறம் படத்தைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்கு வெளியே ஒரு சைக்கிள் நிற்கிறது. மூன்றாவது மாடியில் சைக்கிள்! ஏதோ கீழ்த்தளத்து ஷெட் கதவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். உன் மருமகளிடம் காட்டினேன், அவள் "யார் சைக்கிள்ப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு மட்டும் அன்றைக்கு அது கண்ணில் படவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். "முடிஞ்ச ஃபைலை ஏன்ப்பா நோண்டுறே? உன் கையெழுத்துதானே இருக்கு, உனக்குத்தான் ஆபத்து" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை, பயம். வேலை போய்விடும். வேறு எங்கேயும் சேர்க்கவும் மாட்டார்கள். இங்கே வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

மாமாவிடம் சொல்லிவிட்டாயா?

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

மாமாவிடம் மட்டும் இல்லை, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முற்றத்து நடுவில் ஏறி நின்று, "அந்த கேட்டுல ஒட்டியிருக்குற கையெழுத்து என் தம்பியோடது. அவன் பாக்காமலே போட்டிருக்கான்"ன்னு சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு உன்னிடம் வார்த்தை கேட்டு வாங்கி மேலே மாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

காலர் என் காலடியில் துப்பினாள். இரண்டு பேர் அழுதார்கள். மாடிச்சாவி என்னிடம்தான் இருந்தது, அதைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்தேன். மத்தியானம் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாயங்காலம் ஸ்பேனர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாக்கெட்டு, உன் தம்பி இப்ப என்ன பண்ணப்போறான்? அதைச் சொல்லு"ன்னு கேட்டாள். அதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன்.

என்ன செய்வதென்று தெரியவில்லையாமே உனக்கு? தெரியாமல் என்ன? தெரிந்துதான் பயப்படுகிறாய். பயப்படு. பயந்துகொண்டே செய். நாங்கள் மட்டும் என்ன பயப்படாமலா உட்கார்ந்திருக்கிறோம்? வேலை போனால் இங்கே வா. உன் மாமா லாரியில் மூட்டை ஏற்றிக் கொடு. சாப்பாடு போடுகிறேன். ஆனால் அந்தப் பேப்பரில் உன் வால் இருக்கிறவரை என் வாசலில் கால் வைக்காதே.

இன்று மாடியில் 'டேர்' மாட்டியிருக்கிறோம். முதலாளிக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது உனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே. ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

சட்டை வாங்குகிற கம்பெனிக்கு நேரடியாக எழுதிவிட்டேன். 417 என்ற எண்ணில் உள்ள என் கையெழுத்து பொய், நான் அந்தக் கதவைப் பார்க்கவில்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. படத்தில் சைக்கிளைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டுச் சேர்த்தேன். உங்கள் தொழிலாளர் அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பினேன். இன்னொன்று இத்துடன் இருக்கிறது. உங்கள் கேட்டில், அந்தப் பேப்பருக்குப் பக்கத்திலேயே ஒட்டு.

மறுநாளே கூப்பிட்டு முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்து மேஜையைக் காலி பண்ண அரைமணி நேரம் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "உனக்குப் பைத்தியமா?" என்று மேலதிகாரி கேட்டார். "போன வருஷம் வரைக்கும் இருந்துது சார்" என்றேன். எனக்கே ஆச்சரியம், எப்படி வாயில் வந்ததென்று. வீட்டுக்காரியிடம் சொன்னேன். இரண்டு நாள் உர்ரென்று இருந்தாள். மூன்றாம் நாள், "முன்னாடியே சொல்லியிருந்தா காய்ச்சலுக்கு வீணா மருந்து வாங்கியிருக்க வேண்டாம்" என்றாள்.

உன் மருமகளுக்குப் புதுப்பல் முளைக்கிறது.

தம்பி


மே 12

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். எழுதக்கூட முடியவில்லை, சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

உன் கடிதத்தைக் கேட்டில் ஒட்டிய ஐந்தாம் நாள், வாங்குகிற கம்பெனி எதையும் எடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டது. பழைய சரக்கு ஏற்றிய நாலு வண்டி உள்ளேயே நிற்கிறது. முதலாளி இரண்டு நாள் வந்து வந்து காரிலேயே உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் இறங்கினார். தொழிலாளர் அதிகாரி முன்னால், "கதவைத் தொறக்கச் சொல்லுங்க, பூட்டே வேண்டாம், சாமி" என்றார். பெட்டியை எல்லாம் மேனேஜர்தான் தூக்கி வைத்தார், நாங்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அப்புறம் பார்த்தால் சாவியே கிடையாது! வருஷக்கணக்கில் தொலைந்துபோன சாவிக்குத்தான் ரெண்டு பேரும் மாறி மாறிக் கை காட்டியிருக்கிறார்கள். எனக்கு இரத்தம் கொதித்தது. ஸ்பேனர் ரம்பம் கொண்டுவந்து பூட்டை அறுத்தாள். கதவு திறந்ததும் காற்று வந்தது பார், அத்தனை நூல்பிசிறும் பறந்தது.

மாடியில் என்ன மாட்டுவது என்று பேச்சு வந்தபோது நானே சொன்னேன். 'அக்ரீட்'. அன்றைக்கு வேண்டாம் என்று உன்னைத் திட்டினேனே, அதே வார்த்தை. ஆறு எழுத்து. முதலாளி கையெழுத்துப் போடுகிறபோது அது அவர் தலைக்கு மேலே நின்றது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாங்கள் மெஷினில் உட்காருவதற்கு முன்னால், எங்கள் தரப்பில் ஒருவர் பின்படி முழுக்கப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தோம். யார் என்று கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காலர் எழுந்து, "பாக்காம போட்டானே, அவனே வந்து பாத்துப் போடட்டும். அதுக்கு முன்னாடி எவ கையெழுத்தும் வேண்டாம்" என்றாள். என் காலடியில் துப்பியவள்தான். ஒருத்தரும் மறுக்கவில்லை. மாடிச்சாவியைத் திரும்ப என் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

ஆகவே கிளம்பி வா. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. மூன்று மாடி, அறுபத்திரண்டு படி. மேலே இருந்து நானே எண்ணினேன். கதவைத் தள்ளிப் பார். இறங்கிப் பார். எல்லாம் சரி என்றால் வாலோடு கையெழுத்துப் போடு. வாசலைத் திறந்தே வைத்திருக்கிறேன், வீட்டு வாசலையும்தான்.

உன் அக்கா


மே 29

அக்காவுக்கு,

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பொத்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறாயாம். அவர் இன்று தடி பிடித்து நாலு எட்டு நடந்தார் என்று ஸ்பேனர் சொன்னாள். நல்ல சேதி. நாங்களும் சுகமாக வந்து சேர்ந்தோம்.

காலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது? வாங்க, எண்ணத் தெரியுமில்ல?" என்று முன்னால் நடந்தாள். போனேன். பின்கதவைத் தள்ளினேன், திறந்தது. மூடினேன். உள்ளிருந்து உன் மருமகளைத் தள்ளச் சொன்னேன், அவள் ஒரு கையாலேயே திறந்துவிட்டாள். வெளியே சைக்கிள் எதுவும் இல்லை. கைப்பிடிக் கம்பியை ஒவ்வோர் அடிக்கும் ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. விளக்கு மூன்றும் எரிகிறது.

படி நீ சொன்னதுபோல் அறுபத்திரண்டு இல்லை. அறுபத்துமூன்று. இரண்டு தடவை இறங்கி எண்ணினேன், உன் மருமகளும் எண்ணினாள். நீ மேலே இருந்து எண்ணியதால் கடைசிப் படி கண்ணில் படவில்லை. அது மண்ணிலும் குப்பையிலும் பாதி புதைந்து, ஒரு விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டு இருக்கிறது. புகையில் ஓடிவருகிறவர்களுக்குக் கண் தெரியாது. முதலில் வருகிறவர் தடுக்கி விழுந்தால், பின்னால் வருகிற அத்தனை பேரும் அவர் மேல்தான்.

மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு படிதானே சார், நாளைக்கே சுத்தம் பண்ணிடறோம், போட்டுருங்க. வண்டி நிக்குது" என்றார். முதலாளியும் காரிலிருந்து இறங்கி வந்து கேட்டார். காலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படியைத் தோண்டி, கழுவி, நான் அதில் கால் வைத்து நிற்கிறவரை கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்திலும் போடவில்லை.